கை வைக்காமல்

கேட்டாகிவிட்டது. இனி வாயைத் திறக்கக் கூடாது. "இந்த ரெண்டு வாரத்துல எது சரியா நடக்கல?" என்று கேட்டுவிட்டு இசக்கியம்மாள் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். சாய்ந்ததும் அது அலட்சியமாகத் தெரியுமோ என்று நிமிர்ந்தாள். நிமிர்ந்ததும் பரீட்சை ஹாலில் காவல் நிற்கும் டீச்சர் மாதிரி இருக்கிறோமோ என்று தோன்றி, பாதி சாய்ந்து பாதி நிமிர்ந்து, இடுப்பைப் பிடிக்கிற ஒரு கோணத்தில் அப்படியே தங்கிவிட்டாள். மேசையைச் சுற்றி மூன்று பேர். கம்ப்யூட்டரில் கோடு எழுதுகிற நிலோஃபரும் தணிகைவேலும், அவர்கள் எழுதியதைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கிற சவரிமுத்துவும். மூவரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அலுவலகத்தில் மீட்டிங் அறைகளுக்கெல்லாம் ஆறுகளின் பெயர். இந்த அறை பாலாறு. பெயருக்குத் தகுந்தபடி இங்கே குடிக்கத் தண்ணீர் இருந்ததே இல்லை. தொண்டை வறண்டது. வெளியே போய்க் கொஞ்சம் தண்ணீர் எடுத்து வரலாம், ஆனால் இப்போது எழுந்தால் கேள்வியே எழுந்து போன மாதிரி ஆகிவிடும். வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்த நேரம், கண்ணாடிக்கு வெளியே சோழிங்கநல்லூர் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. இரண்டு வார வேலை ஒரு ஸ்பிரிண்ட், ஒவ்வொரு ஸ்பிரிண்டும் முடிந்ததும் உட்கார்ந்து, நல்லது கெட்டது பேசி எழுந்திருக்கிற இந்தக் கூட்டத்துக்கு ரெட்ரோ என்று பேர். வழக்கமாக மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டுவார்கள். நல்லது என்ற பத்தியில் மூன்று பேரும் 'டீம் ஒர்க்' என்று எழுதுவார்கள், கெட்டது என்ற பத்தியில் மூன்று பேரும் 'நெட் ஸ்லோ' என்று எழுதுவார்கள், எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள். இன்றைக்குச் சீட்டு வேண்டாம், வாயால் பேசுவோம் என்று இசக்கிதான் சொன்னாள். ஏன் சொன்னாள்? காலையில் அந்தச் செய்தி வராமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பாளா?

சும்மா இருக்க வேண்டும். மகாபலிபுரம் போகிற வழியில் ஒரு ஓட்டலில் புது மேனேஜர்களுக்குப் பயிற்சி நடத்திய அந்த அம்மாள் அப்படித்தான் சொன்னார். கேளுங்கள், கேட்ட பிறகு சும்மா இருங்கள், மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள், யாராவது ஒருவர் பேசுவார், பேசாமல் இருக்க மனுஷனால் முடியாது. இசக்கி எண்ணத் தொடங்கினாள். சவரிமுத்து பேனாவின் தலையை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் எண்ணிக்கைக்குள் புகுந்து, இப்போது எண்ணியது தன் எண்ணா பேனாவின் எண்ணா என்று குழம்பி, மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். அந்தப் பயிற்சியில் ஒரு விளையாட்டு வைத்தார்கள். வட்டமாக நின்று மஞ்சள் பந்துகளைக் கைமாற்றிக் கைமாற்றி ஒரு கூடையிலிருந்து இன்னொரு கூடைக்குச் சேர்க்க வேண்டும், ஒவ்வொரு பந்தும் எல்லார் கையிலும் பட்டிருக்க வேண்டும். தொப்பை வைத்த பெரிய பெரிய மேனேஜர்கள் வேர்த்து விறுவிறுத்துப் பந்தைத் தூக்கிப் போட்டார்கள். இசக்கி தன் பந்தையும் பிடித்தாள், பக்கத்துக் கையிலிருந்து நழுவியதையும் பிடித்தாள், எதிர்ப்பக்கம் விழப்போனதை ஓடிப்போய்க் குனிந்து தரைக்கு ஒரு சாண் மேலே பிடித்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். அந்த அம்மாள் மட்டும் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கையிலிருந்த அட்டையில் ஏதோ குறித்துக்கொண்டார். அது என்ன சிரிப்பு? மெச்சுகிற சிரிப்பா, ஐயோ பாவம் என்கிற சிரிப்பா? சாயங்காலம் வண்டி ஏறும்போது கேட்டுவிடலாம் என்று போனாள், அதற்குள் அந்த அம்மாள் போய்விட்டிருந்தார். இப்போது அதை ஏன் நினைக்க வேண்டும். எண்ணிக்கை எங்கே விட்டது. மறுபடியும் ஒன்று.

காலையில் வந்த செய்தி வைத்தீஸ்வரனுடையது. அவர் இசக்கிக்கு மேலே இருப்பவர், இது மாதிரி ஆறேழு டீம்களைப் பார்த்துக்கொள்பவர். 'நிலோஃபர் உங்க டீம்ல இருந்து டயர் கம்பெனி டீமுக்கு மாத்தித் தரச் சொல்லிக் கேட்டிருக்கா. காரணம் போடல. பேசிப் பாருங்க.' அவ்வளவுதான். காரணம் போடல. பஸ்ஸில் நின்றுகொண்டே அதைப் படித்தபோது கைப்பிடியிலிருந்து கை நழுவி, முன்னால் நின்ற ஒரு பெரியவரின் முதுகில் போய் மோதினாள். காரணம் போடல என்றால் காரணம் இல்லை என்று அர்த்தமா, போட முடியாத காரணம் என்று அர்த்தமா? சம்பளமாக இருக்குமா? அதற்கு வேலையை விடுவார்களே தவிர டீமை விட மாட்டார்கள். பெரம்பூரிலிருந்து வருகிறாள், தூரமாக இருக்குமா? புது டீமும் இதே கட்டிடம், இதே மாடி, அந்தப் பக்கம் ஜன்னல் ஓரம். வேலை பிடிக்கவில்லையா? இங்கிலாந்தில் கட்டிலும் மெத்தையும் விற்கிற ஒரு கம்பெனிக்கு வலைத்தளம் செய்து கொடுக்கிற வேலை. வாடிக்கையாளர் மெத்தை எந்தத் தேதிக்கு வீட்டுக்கு வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிற பக்கம் நிலோஃபருடையது. அலுப்பான வேலைதான். ஆனால் இந்தப் பக்கம் மெத்தை என்றால் அந்தப் பக்கம் டயர், அதிலென்ன சுவாரசியம் வந்துவிடப் போகிறது. ஒவ்வொரு காரணமாக எடுத்துப் பார்த்து ஓரமாக வைத்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஒன்று மட்டும் நடுவில் நின்றுவிடுகிறது. அதை அவள் காலையிலிருந்து சுற்றிச் சுற்றித்தான் வருகிறாளே தவிர, தொடவில்லை. இவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்துதான் மேசையைப் பார்க்கிறார்கள். மூவரும் சாப்பிடும்போது சேர்ந்தல்லவா உட்கார்ந்திருந்தார்கள், இவள் தட்டோடு போனதும் பேச்சு நின்றதே. நின்றதா? சவரிமுத்து அப்போதுதானே முருங்கைக்காயை வாயில் வைத்தார்.

அந்தக் காரணம் இதுதான். சாயங்காலம் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, அல்லது வீட்டில் குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில், இசக்கி நிலோஃபர் பாதியில் விட்டுப்போன கோடைத் திறப்பாள். சும்மா பார்ப்போம் என்றுதான். பார்த்தால் ஒரு வரி கோணலாக இருக்கும். அந்த ஒரு வரியை நேர் செய்வாள். அதை நேர் செய்தால் அதற்கு மேலே இருக்கிறது நிற்காது, அதையும் மாற்ற வேண்டும், பிறகு கீழே இருக்கிறதை, பிறகு சோதனைகளை ஓட்டிப் பார்த்தால் சிவப்பாக எரியும், ஒவ்வொன்றாகப் பச்சையாக மாற மாற நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கும். நாள் பூராவும் அவள் தொட்ட எதுவும் அப்படிப் பச்சையாக மாறியதில்லை. மேனேஜர் ஆன பிறகு அவள் செய்வதெல்லாம் பேச்சு. "இன்னைக்கு என்ன வேல பாத்த?" என்று அவள் புருஷன் பேச்சிமுத்து கேட்பான். அவன் லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில் இருக்கிறான், இன்றைக்கு எந்தக் கட்டிடத்தில் எந்த லிஃப்ட் ஓடிற்று என்று அவனால் சொல்ல முடியும். "பேசினேன்." "யார்கிட்ட?" "எல்லார்கிட்டயும்." "என்ன முடிவாச்சு?" "இன்னொரு தடவ பேசணும்னு முடிவாச்சு." அவன் சிரிப்பான். இவளுக்கும் சிரிப்பு வரும், ஆனால் சிரித்துக்கொண்டிருக்கும்போதே மடிக்கணினியைத் திறந்துவிடுவாள். காலையில் நிலோஃபர் வந்து பார்த்தால் வேலை முடிந்திருக்கும். ஒரு வார்த்தை கேட்டதில்லை அவள். ஏன் என் கோடில் கை வைத்தீர்கள் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம், கேட்டிருந்தால் இவள் மன்னிப்புக் கேட்டிருப்பாள், அத்தோடு போயிருக்கும். கேட்காமல் சேர்த்துச் சேர்த்து வைத்திருக்கிறாள். இப்போது அந்தச் சேர்த்து வைத்ததையெல்லாம் துப்பட்டாவுக்குள் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறாள், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டு. சுரண்டுகிற இடம் அவளுடைய சொந்தப் போட்டோவின் நெற்றி. அதற்கு ஏதாவது அர்த்தம் இருக்குமா?

சவரிமுத்து பேனாவை நிறுத்தினார். பேசப்போகிறார் என்று இசக்கி மூச்சைப் பிடித்தாள். அவர் பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டார். அவ்வளவுதான். இவரும் அவளும் இந்த அலுவலகத்தில் ஒரே பெஞ்சில் பல வருஷம் உட்கார்ந்தவர்கள். அப்போது இவள் எழுதியதில் பிழை கண்டுபிடித்தால் தலையைத் தட்டி, "இசக்கி, கண்ணு எங்க இருந்துச்சு?" என்பார். இவள் மேனேஜர் ஆன அன்றைக்கு மத்தியானமே 'மேடம்' என்றார். கேலிக்குத்தான் சொல்கிறார் என்று சிரித்தாள். மறுநாளும் சொன்னார். அதற்கு மறுநாளும் சொன்னார். எந்த நாளிலிருந்து அது கேலி இல்லாமல் போனது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. முதல் வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. காலையில் எல்லாரும் நின்றுகொண்டே, நேற்று என்ன செய்தேன், இன்றைக்கு என்ன செய்வேன், எதில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற ஸ்டாண்டப் கூட்டம். முன்பெல்லாம் நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவார்கள், இவளும் அதில் ஒருத்தி. மேனேஜர் ஆன பிறகு எல்லாரும் இவள் முகத்தைப் பார்த்து ஒப்பிக்க ஆரம்பித்தார்கள். சரி, பார்வை என் மேல் வேண்டாம் என்று பின்னால் போய்த் தூண் ஓரமாக நின்றாள். மூவரும் திரும்பித் தூணைப் பார்த்து ஒப்பித்தார்கள். ஒரு நாள் வராமலே இருந்து பார்த்தாள். மூன்று பேரும் போனில் அனுப்பிவைத்தார்கள். நாளை எங்கே நிற்பது என்று அன்று சாயங்காலம் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

தாண்டிப் போனால் திரும்பி நடக்க வேண்டியதுதான். அதற்காகத்தான் கார் ஓட்டப் படிக்கலாம் என்று மேடவாக்கத்தில் சேர்ந்தாள். அந்த வண்டியில் சொல்லிக்கொடுக்கிறவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அவர் பாட்டுக்கு ஜன்னல் வழியாகக் கடைத்தெருவைப் பார்த்துக்கொண்டு, போனில் பேசிக்கொண்டு வருவார். குறுக்கே ஒரு ஆட்டோ வந்தால் வண்டி நிற்கும். இசக்கியின் காலும் பிரேக்கில்தான் இருக்கும். ஆனால் நிறுத்தியது யார்? "நான் அமுக்குனதுலதான நின்னுச்சு?" என்று ஒரு தடவை கேட்டாள். "ஆமா ஆமா, நீங்கதான்" என்றார் அவர், கடைத்தெருவைப் பார்த்துக்கொண்டே. நம்பிக்கை வரவில்லை. பரீட்சையில் தேறி லைசென்ஸும் வந்துவிட்டது. இன்றுவரை தனியாக ஒரு தெரு ஓட்டியதில்லை. தன் காலுக்கு வண்டி நிற்குமா என்று அவளுக்கே தெரியாது. இவளுக்கு முன்னால் இந்த டீமுக்கு மேனேஜராக இருந்தவரை நினைத்தாள். அவர் ஒன்றுமே செய்ய மாட்டார். போய்க் கேட்டால், "நீ என்ன நினைக்கிற?" என்பார். எரிச்சலாக வரும். தெரியாமல்தானே கேட்கிறோம் என்று திட்டிக்கொண்டே வந்து, இவளே உட்கார்ந்து, இவளே கண்டுபிடிப்பாள். நான் மேனேஜர் ஆனால் இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க மாட்டேன் என்று அன்றைக்கே தீர்மானம் செய்தாள். அந்தத் தீர்மானம்தான் இப்போது இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறதா? அவர் செய்யாமல் இருந்தது தெரிந்து செய்யாமல் இருந்ததா, வெறும் சோம்பேறித்தனமா? இரண்டும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கிறது. ஒரே மாதிரி இருக்கிற இரண்டில் எது எது என்று எப்படிப் படிப்பது? யாராவது பேசுங்களேன். தணிகை, நீயாவது. நெட் ஸ்லோ என்றாவது சொல்லேன்.

"மேடம்," என்றார் சவரிமுத்து.

இசக்கி கிட்டத்தட்டத் துள்ளினாள். "சொல்லுங்கண்ணே."

"ஏசி கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு."

தணிகைவேல் எழுந்து போய்ச் சுவரில் இருந்த பொத்தானை அழுத்திவிட்டு வந்தான். "மத்தபடி எல்லாம் நல்லாதான் போச்சு," என்றான் உட்கார்ந்துகொண்டே. இதோ, முடித்துவிடலாம். நல்லபடியாகப் போயிற்று என்று சொல்லிவிட்டார்கள், டீ குடிக்கப் போகலாம், நிலோஃபரைத் தனியாகக் கூப்பிட்டுத் திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம். இசக்கிக்கு வாய் திறந்தேவிட்டது. அப்போதுதான் நிலோஃபர் அடையாள அட்டையை விட்டாள்.

"நான் சொல்லட்டுமா?"

"சொல்லு."

"நான் டீம் மாத்திக் கேட்டிருக்கேன். வைத்தி சார் உங்ககிட்ட சொல்லியிருப்பார்."

சவரிமுத்து திரும்பி அவளைப் பார்த்தார். தணிகைவேல் வாயைப் பிளந்தான். இவர்களுக்குத் தெரியாது. ஒன்றுமே தெரியாது. அப்படியென்றால் சாப்பிடும்போது பேச்சு நின்றது முருங்கைக்காய்க்குத்தான். காலையிலிருந்து இவர்கள் முகங்களில் இவள் படித்ததெல்லாம் இவளே எழுதி ஒட்டியது. ஆனால் நிலோஃபருக்குத் தெரியும், அவள் சொல்லப்போகிறாள், அவள் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும் என்று இசக்கிக்கு ஒரு வேகம் வந்தது. "நிலோஃபர், நீ எழுதுனதுல நான் கை வச்சது தப்புதான், உன்கிட்ட கேக்காம…"

"இருங்க, இசக்கி. நான் முடிச்சிடறேன். இல்லன்னா எனக்கு மறந்துடும்." நிலோஃபர் இரண்டு கைகளையும் மேசை மேல் வைத்துக்கொண்டாள். "எனக்குக் கோவம்லாம் இல்ல. மொதல்ல வெக்கமா இருந்துச்சு. பாதியில விட்டுட்டுப் போனா காலையில முடிஞ்சிருக்கு, நான் எழுதுனத விட அழகா. ஐயோ, நமக்கு ஒண்ணும் தெரியலன்னு நெனச்சுட்டாங்களேன்னு இருக்கும். அப்புறம் பழகிடுச்சு. இப்பல்லாம் நான் வேணும்னேதான் பாதியில விடறேன். கஷ்டமான எடம் வந்தா எழுந்திருச்சிடறேன். நீங்க பாத்துப்பீங்கன்னு தெரியும். அஞ்சு மணிக்கே கெளம்பிடறேன், கவனிச்சீங்களா?"

கவனிக்கவில்லை. அவள் கிளம்பினால்தான் இவள் திறக்க முடியும் என்பதால், சீக்கிரம் கிளம்பியது இவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"ரம்ஜானுக்கு எங்க மாமா பையன் வந்திருந்தான். அவனும் இதே வேலதான். நீ என்ன பண்றேன்னு கேட்டான். இந்த மெத்த டெலிவரித் தேதி நான்தான் பண்ணேன்னு காமிச்சேன். லீவு நாள் நடுவுல வந்தா எப்படிக் கணக்குப் போடுதுன்னு கேட்டான். என் பேர்தான் போட்டிருக்கு. எனக்குச் சொல்லத் தெரியல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "இங்க எனக்கு ரொம்ப சொகமா இருக்கு, இசக்கி. அதான் பயமா இருக்கு. இன்னும் ரெண்டு வருஷம் இப்படியே இருந்தா எனக்கு ஒண்ணுமே தெரியாமப் போயிடும்."

இப்போது எண்ண வேண்டும் என்று இசக்கிக்குத் தோன்றவில்லை. நிலோஃபர் திட்டுவாள் என்று நினைத்துக்கொண்டு காலையிலிருந்து முதுகைக் குனித்துத் தயாராக வைத்திருந்தாள், அடி விழவில்லை, விழாத இடத்தில் ஏதோ வலித்தது. சுகமாக இருக்கிறது என்கிறாள். நல்ல மேனேஜரிடம்தானே சுகமாக இருக்கும்? அதற்காகத்தானே இவ்வளவும்? வெறுத்திருந்தால் எதை நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்கும். பிடித்துப்போய்விட்டது என்பதால் போகிறேன் என்கிறவளிடம் எதை நிறுத்துவது? இவள் இரக்கப்பட்டது யாருக்காக? அந்தப் பச்சை விளக்குகள் யாருக்காக எரிந்தன? உண்மையைச் சொன்னால் அந்த நேரத்தில் நிலோஃபர் என்று ஒருத்தி இருப்பதே இவளுக்கு நினைவில் இருந்ததில்லை.

"நானும்தான்," என்றான் தணிகைவேல், தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே. "நான் என் கோடுக்கு டெஸ்ட் எழுதியே ரொம்ப நாளாச்சு. நீங்க எழுதிடுவீங்கன்னு விட்டுடறேன்."

"அப்ப நான் கண்டுபிடிச்சுக் கண்டுபிடிச்சு உங்களுக்கு அனுப்புற பிழையெல்லாம் யாரோட பிழை?" என்றார் சவரிமுத்து. நிலோஃபரும் தணிகையும் இசக்கியைப் பார்த்தார்கள். சவரிமுத்துவும் பார்த்தார். நிறைய நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் அந்தப் பழைய பெஞ்சின் சிரிப்பு வந்தது. "எல்லாம் உன்னோடதா?"

உன்னோடதா என்றார். மேடம் எங்கேயோ விழுந்துவிட்டது. அதைச் சுட்டிக்காட்டினால் மறுபடியும் எடுத்து ஒட்டிக்கொள்வாரோ என்று இசக்கி பேசாமல் இருந்தாள். "இப்ப நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டாள் கடைசியில். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த கேள்வி அல்ல அது. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

"தெரியல," என்றாள் நிலோஃபர். "ஆனா நான் போறது போறதுதான். அந்தத் தேதிப் பக்கத்த முடிச்சிட்டுப் போறேன். நானே முடிக்கணும். நீங்க தொடக் கூடாது."

"தொட மாட்டேன்."

"நிஜமாவா?"

"தெரியல," என்றாள் இசக்கி. மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு அறை கேட்டு யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டே வெளியே போனார்கள். அவள் அதைச் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை என்று யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

இடத்துக்கு வந்து உட்கார்ந்தவளுக்குக் கை எங்கே போகும் என்று நன்றாகத் தெரிந்தது. இன்றைக்குப் போகாது, நாளைக்குப் போகாது, திங்கட்கிழமை குக்கர் விசிலுக்கு நடுவில் போய்விடும். எழுந்து தணிகைவேலிடம் போனாள். கோடு இருக்கிற இடத்துக்கு யார் யார் நுழையலாம், யார் எழுதலாம், யார் படிக்க மட்டும் செய்யலாம் என்பதெல்லாம் அவன் பொறுப்பில் இருந்தது. "தணிகை, என் பேர எடுத்துடு," என்றாள்.

"எதுலருந்து?"

"கோடுலருந்து. படிக்கிற மாதிரி வை. எழுத முடியாத மாதிரி."

அவன் நாற்காலியைத் திருப்பினான். "வெளாட்றீங்களா? வைத்தி சார் கேட்டா?"

"நான்தான் சொன்னேன்னு சொல்லு. நிலோஃபர் போறதுக்கும் நான் சரின்னு அவருக்கு எழுதப்போறேன். ரெண்டையும் சேத்தே எழுதிடறேன்."

"அர்ஜன்ட்டா ஏதாவது ஒடைஞ்சா?"

"ஒடையட்டும். இல்ல, ஒடையக் கூடாது. ஒடைஞ்சா நீ பாரு. நீங்க பாருங்க. நான்… நான் கூட நிக்கிறேன்." கூட நின்று என்ன செய்வாள்? அவன் அதைக் கேட்கவில்லை. கேட்காமல், ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பட்டனை அழுத்தினான். திரும்பி வந்து தன் திரையில் நிலோஃபரின் பக்கத்தைத் திறந்தாள். எல்லாம் முன்பு போலவே இருந்தது, சேமிக்கிற பொத்தான் மட்டும் சாம்பல் நிறமாக மங்கியிருந்தது. அதை ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். கல்லூரி முடிந்து தூத்துக்குடியிலிருந்து ரயிலேறிய நாளிலிருந்து அவளுக்கு நன்றாகச் செய்யத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். அதைக் கழற்றி வைத்துவிட்டு மிச்சமிருக்கிற ஆள் எதற்கு உதவுவாள்? நாக்கு கசந்தது. பயமா, மேசையில் பாதி குடித்து வைத்த காபியா?

பொழுது சாயச் சாய எதிர்ச் சாரியில் நிலோஃபர் எழுதிக்கொண்டிருந்தாள். ஐந்து மணி ஆயிற்று, அவள் கிளம்பவில்லை. சற்றுக் கழித்து அவள் எழுதியது இசக்கியின் திரையில் வந்து விழுந்தது. படித்தாள். முதல் பகுதி நன்றாக இருந்தது, நாம் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டோம், ஆனால் நன்றாக இருந்தது. பிறகு வந்தது அந்த வரி. சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் ஒருவர் மெத்தை வாங்கினால், இந்தக் கணக்கு அவருக்கு ஞாயிற்றுக்கிழமை லாரி வரும் என்று சொல்லும். ஞாயிற்றுக்கிழமை லாரி கிடையாது. பழைய மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஏதோ ஒரு ஊரில் ஒரு குடும்பம் வெறும் கட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். விரல்கள் விசைப்பலகைக்குப் போயின, பொத்தான் மங்கலாக இருந்தது, விரல்கள் திரும்பி வந்தன. போய்ச் சொல்லலாமா? சொல்வதும் தொடுவதுதானே. சொல்லாமல் இருந்தால்? தப்பு என்று தெரிந்தும் சும்மா இருப்பது அந்தப் பழைய மேனேஜர் மாதிரி ஆகிவிடாதா? சனிக்கிழமை வாங்கினால் என்ன ஆகும் என்று கேள்வியாகக் கேட்கலாமா? கேள்விக்குள்ளேயே விடையை வைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமே. சவரிமுத்து திங்கட்கிழமை சோதிக்கும்போது கண்டுபிடிப்பார். கண்டுபிடிக்காவிட்டால்? எழுந்தாள். எழுந்ததும் எதற்கு எழுந்தோம் என்று மற்றவர்கள் பார்ப்பார்களே என்று தண்ணீர் பாட்டிலைத் தேடுகிற மாதிரி பாவனை செய்தாள். பாட்டில் எதிரிலேயே இருந்தது. உட்கார்ந்தாள். ஒரு கேள்வியைத் தட்டி, படித்துப் பார்த்து, அழித்தாள். வேறு மாதிரி தட்டி, அதையும் அழித்தாள்.

"இசக்கி."

தலையைத் தூக்கினாள். திரைக்கு மேலே நிலோஃபரின் கண்கள் தெரிந்தன.

"படிச்சிட்டீங்களா?"

"ம்."

நிலோஃபர் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "எங்கயோ தப்பு இருக்கு, இல்ல?"

இசக்கி வாயைத் திறந்தாள்.

"சொல்லாதீங்க!" நிலோஃபர் கையை நீட்டித் தடுத்தாள், ஏதோ குறுக்கே வண்டி வருகிற மாதிரி. "சொல்லாதீங்க, நானே பாக்கறேன். மூஞ்சிய அந்தப் பக்கம் வச்சுக்கங்க."

தலை மறுபடியும் திரைக்குப் பின்னால் இறங்கிற்று. விசைகள் தட்டும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. முகத்தை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது என்று இசக்கிக்குப் புரியவில்லை. ஜன்னல் பக்கம் திருப்பினால் கோபம் என்று நினைப்பாள், கீழே குனிந்தால் கவலை என்று நினைப்பாள். ஒன்றும் தோன்றாமல், ஆறிப்போன காபியைக் கையில் எடுத்து, குடிக்காமல், அதற்குள் பார்த்துக்கொண்டு, மிகவும் கஷ்டப்பட்டு, உட்கார்ந்திருந்தாள்.